முறையீடும் நம்பிக்கையே

துன்பத்தில் இருப்பவரிடம் நம் கிறித்தவ வட்டங்களில் முதலில் சொல்லப்படுவது ‘விசுவாசமாயிருங்கள்’ என்பதுதான். வெளிப்படையாகச் சொல்லப்படாமல் அதனோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு கட்டளையும் உண்டு: ‘முறையிடாதிருங்கள்’. இரண்டும் ஒரே கட்டளையின் இரு பக்கங்கள் என்று நாம் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டுவிட்டோம். ஏழு மாதமாக உதவித்தொகை வராமல் விடுதி மெஸ் பாக்கியைக் கட்ட வழியற்று நிற்கும் ஆய்வு மாணவரும், தாயை அடக்கம் செய்துவிட்டு மறுவாரமே ஆய்வகத்துக்குத் திரும்ப நேர்ந்தவரும் வளாகச் செபக்குழுக்களில் இந்த அறிவுரையைக் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்களுள் சிலர் அன்று முதல் வாய் திறப்பதில்லை. துயரத்தோடு ஒரு குற்றவுணர்வும் சேர்ந்துகொள்கிறது: அழுகை வருகிறதே, அப்படியானால் எனக்கு விசுவாசம் இல்லையோ?

இந்த அறிவுரை வேதத்தைச் சார்ந்ததன்று என்பது என் கருத்து. ‘சற்றுக் கடுமையானது’ என்றுகூட நான் சொல்லவில்லை. வேதத்தின் போக்குக்கு அது நேர்மாறானது என்றே சொல்கிறேன். இறைநம்பிக்கை அற்ற நண்பர்களும் இப்பதிவை வாசிப்பீர்கள் என்று அறிவேன். உங்களை எதையும் ஏற்கச் சொல்லவில்லை. ஒரு நூலை அதன் இலக்கணத்தோடு வாசித்தால் என்ன தெரியவருகிறது என்ற அளவில் இதை எடுத்துக்கொள்ளலாம்.

இலக்கணம் என்று நான் குறிப்பது தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூன்று இடங்களை. வேதாகமத்தில் துன்பப்படுகிறவர்கள் பேசும் பகுதிகளை இந்த ஒரு கண்ணோட்டத்தில் மட்டும் வாசித்துப் பாருங்கள். சங்கீதங்கள் 150இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல் வகையைச் சேர்ந்தவை. 13ஆம் சங்கீதத்தின் தொடக்கத்தில் ‘இன்னும் எத்தனை காலம்’ என்ற பொருள்படும் எபிரேயத் தொடர் நான்கு முறை அடுத்தடுத்து வருகிறது. கேள்வி யாரைப் பற்றியது? கடவுளைப் பற்றியது. கேள்வி யாரிடம் கேட்கப்படுகிறது? அதே கடவுளிடம். ‘அவர் என்னை மறந்துவிட்டார்’ என்று அயலாரிடம் சொல்வது வேறு. ‘நீர் என்னை மறந்துவிட்டீரே’ என்று அவரிடமே சொல்வது வேறு. பின்னதில் உறவு அறுபடவில்லை. பதில் சொல்லக் கடமைப்பட்டவர் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற எண்ணம் இல்லாமல் அந்த வாக்கியத்தை உருவாக்கவே முடியாது.

அச்சங்கீதம் ஆறே வசனங்களில் நம்பிக்கையை எட்டிவிடுகிறது என்பதால் நம் கூட்டங்களில் அதற்கு இடமுண்டு. 88ஆம் சங்கீதத்துக்கு அப்படி இடமில்லை. எஸ்ராகியனாகிய ஏமானின் பெயர் தாங்கிய அப்பாடல் இரவும் பகலும் கூப்பிடுவதில் தொடங்குகிறது. மரித்தோர் உம்மைத் துதிக்கப்போகிறார்களா என்று கிட்டத்தட்டக் குத்திக்காட்டுகிறது. நண்பர்களை என்னைவிட்டு அகற்றியவர் நீரே என்று நேராகவே குற்றஞ்சாட்டுகிறது. எந்தத் திருப்பமும் இன்றி முடிகிறது. எபிரேய மூலத்தில் அதன் கடைசிச் சொல்லுக்குப் பொருள் இருள். தொகுத்தவர்கள் நினைத்திருந்தால் ஆறுதலாக ஒரு வசனத்தைச் சேர்த்திருக்கலாம், சேர்க்கவில்லை. ஆலய வழிபாட்டுக்குரிய பாடல் தொகுப்பில் இருளில் முடியும் ஒரு பாட்டுக்கு இடம் கொடுத்த சமூகம், நம்பிக்கை என்பதை நம்மைவிட விரிவாகப் புரிந்துகொண்டிருந்தது என்றே தோன்றுகிறது.

யோபின் நூலுக்கு வருவோம். ‘யோபின் பொறுமை’ என்பது நம் வழக்கில் பழமொழியாகவே ஆகிவிட்டது. ஆனால் பொறுமையான யோபு முதல் இரண்டு அதிகாரங்களில் மட்டுமே இருக்கிறார். மூன்றாம் அதிகாரத்தில் வாய் திறக்கும் யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். அதன்பின் முப்பதுக்கும் மேற்பட்ட அதிகாரங்கள் வழக்காடலே. எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் ஆகிய மூவரும் ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்தவற்றுள் ஆகச் சிறந்தது அந்த மௌனம்தான் என்று சொல்லப்படுவதுண்டு; நானும் ஒப்புகிறேன். பேசத் தொடங்கிய பின் அவர்கள் சொன்னவற்றுள் பெரும்பாலானவை தனித்தனியே எடுத்துப் பார்த்தால் சரியானவை: கடவுள் நீதியுள்ளவர், அவர் சிட்சிப்பது நன்மைக்கே, அவரைத் தேடுகிறவன் கைவிடப்படுவதில்லை. இன்றைக்கு வாழ்த்து அட்டைகளில் அச்சிடத் தகுந்த வாக்கியங்கள்.

அவர்களுடைய பேச்சில் ஒரு குறை உண்டு. நூல் முழுவதிலும் அவர்களுள் ஒருவரேனும் ஒருமுறையேனும் கடவுளை நோக்கிப் பேசுவதில்லை. செபம் பண்ணு என்று யோபுக்கு அறிவுரை கூறுகிறார்கள், தாங்கள் செபிப்பதில்லை. கடவுள் அவர்களுக்கு எப்போதும் படர்க்கைதான். யோபோ நண்பர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று திரும்பி, ‘நீர்’ என்று கடவுளிடம் பேசத் தொடங்கிவிடுகிறார். 7, 10, 13, 14, 30ஆம் அதிகாரங்களில் இந்தத் திருப்பத்தைக் காணலாம்.

இறுதி அதிகாரத்தில் தீர்ப்பு வருகிறது. என் ஊழியனாகிய யோபைப்போல் நீங்கள் சரியாகப் பேசவில்லை என்று எலிப்பாசிடம் கடவுள் கூறுகிறார். ‘என்னைக் குறித்து’ என்று பெரும்பாலான மொழிபெயர்ப்புகள் தரும் இடத்தில் எபிரேயத்தில் உள்ள இடைச்சொல்லின் முதன்மைப் பொருள் ‘நோக்கி’, ‘இடம்’ என்பது. ‘குறித்து’ என்ற பொருளும் அதற்கு உண்டு. ஆகவே மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்ல இயலாது. ஆனால் கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்துக் கிரேக்க மொழிபெயர்ப்பாகிய செப்டுவஜின்ட் அவ்விடத்தில் தரும் சொல்லுக்கு ‘எனக்கு முன்பாக’ என்று பொருள். தமிழில் அதை ‘என் முன்னிலையில்’ என்று பெயர்க்கலாம். நேரில் இருத்தலுக்கும் இலக்கணத்தின் இரண்டாம் இடத்துக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் நம் மொழியில் இத்தீர்ப்பு இன்னும் கூர்மையாக ஒலிக்கிறது. கடவுளுக்காக வாதாடியவர்கள் கண்டிக்கப்பட்டார்கள். கடவுளோடு வாதாடியவர் ‘என் ஊழியன்’ எனப்பட்டார். அவர்களுக்காக யோபு செபிக்க வேண்டும் என்பதும் அத்தீர்ப்பின் ஒரு பகுதி.

யோபு 13:15இல் இன்னொரு நுட்பம் உண்டு. அவர் என்னைக் கொன்றாலும் அவரையே நம்புவேன் என்ற கருத்தில் நாம் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் வசனம் அது. எபிரேயத்தில் ‘லோ’ என்ற ஒலிக்கு எழுத்து வேறுபாட்டால் இரு பொருள்கள்: ஒருவகையாக எழுதினால் ‘இல்லை’, மற்றொருவகையாக எழுதினால் ‘அவருக்கு’. மரபுவழிப் பிரதியின் எழுத்தில் இருப்பது ‘இல்லை’. வாசிக்கவேண்டியதாக ஓரத்தில் குறித்திருப்பது ‘அவருக்கு’. அதாவது எழுதியிருப்பதன்படி ‘எனக்கு நம்பிக்கை இல்லை’. வாசிப்பதன்படி ‘அவருக்காகக் காத்திருப்பேன்’. காதால் கேட்பவருக்கு இரண்டும் ஒன்றே. எது மூலம் என்று அறிஞர்கள் வாதிடட்டும். பிரதியைக் காத்தவர்கள் இரண்டையும் அழிக்காமல் ஒரே சொல்லின் மீது வைத்துவிட்டுப் போனார்கள் என்பதை மட்டும் நான் கவனிக்கிறேன். நம்பிக்கையற்ற நிலையும் நம்பிக்கையும் ஒரே மூச்சில் வெளிப்படக்கூடும் என்பதை அனுபவித்தவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றாது. வசனத்தின் பிற்பகுதியில் யோபு என்ன சொல்கிறார் என்பதை நாம் பெரும்பாலும் வாசிப்பதில்லை: என் வழக்கை அவர் முகத்துக்கு முன்பாகவே எடுத்துரைப்பேன் என்கிறார்.

இங்கே ஒரு மறுப்பு எழும். வனாந்தரத்தில் முறுமுறுத்த இஸ்ரவேலர் தண்டிக்கப்படவில்லையா? தண்டிக்கப்பட்டார்கள். ஆனால் அவர்களுடைய பேச்சின் இலக்கணத்தையும் பாருங்கள். எண்ணாகமம் 14இல் மக்கள் மோசேக்கும் ஆரோனுக்கும் எதிராகத் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். கர்த்தர் ஏன் நம்மை இங்கே கொண்டுவந்தார் என்பது அவர்களுடைய கேள்வி, படர்க்கையில். எகிப்துக்குத் திரும்பிவிடலாம் என்பது முடிவு. மூன்று அதிகாரங்களுக்கு முன்னால், எண்ணாகமம் 11இல் மோசே பேசுவது அதைவிடக் கடுமையான பேச்சு. இந்த மக்களையெல்லாம் நானா கர்ப்பந்தரித்தேன், என்னால் தாங்க முடியவில்லை, இப்படித்தான் நடத்துவீரென்றால் என்னைக் கொன்றுபோடும் என்று கடவுளிடமே சொல்கிறார். அவருக்குத் தண்டனை இல்லை. ‘விசுவாசம் போதாது’ என்ற கண்டனமும் இல்லை. மூப்பரில் எழுபது பேரைக் கூட்டிக்கொண்டு வா, அவர்கள் உன்னோடு சுமப்பார்கள் என்பதே பதில். முறையீடு நிர்வாக ஏற்பாடு ஒன்றில் முடிகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஆகவே கேள்வி, துன்பத்தில் பேசலாமா கூடாதா என்பதன்று. யாரிடம் பேசுகிறோம் என்பது.

எரேமியா 29:11 பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தேர்வுக்கு முன்னும் நேர்காணலுக்கு முன்னும் வாட்ஸ்அப்பில் தவறாமல் வந்து சேரும் வசனம் அது; கடவுள் வைத்திருக்கும் எண்ணங்கள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்ற வாக்குறுதி. தமிழில் ‘உங்களுக்கு’ என்பதைப் பன்மையாகவும் மரியாதை ஒருமையாகவும் கொள்ளலாம் என்பதால், வாசிப்பவர் அதைத் தனக்கு வந்த தனிக்கடிதமாக எடுத்துக்கொள்கிறார். எபிரேயத்தில் அது ஐயமற்ற பன்மை. தமிழ் வேதாகமத்திலும் கடவுள் தனியொருவரை ‘நீ’ என்றே அழைப்பார். அக்கடிதம் பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்ட ஒரு சமூகத்துக்கு எழுதப்பட்டது. அதற்கு முந்தைய வசனமே எழுபது ஆண்டு ஆகும் என்று சொல்கிறது. அதாவது அதை முதலில் வாசித்தவர்களில் பெரும்பாலோர் திரும்புதலைக் காணாமலே இறந்திருப்பார்கள். முந்தைய அதிகாரத்தில் அனனியா என்னும் தீர்க்கதரிசி இரண்டே ஆண்டில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்தில் முழங்குகிறார். அப்படியே ஆகட்டும் என்றுதான் எரேமியாவும் முதலில் சொல்கிறார். ஆனாலும் அது பொய்யென்று பின்னர் அவர் முகத்துக்கு நேரே கூறுகிறார். விரைவில் கிடைக்கும் என்று சொல்வது விசுவாசத்தின் அடையாளமாகவும், நாளாகும் என்று சொல்வது அவிசுவாசமாகவும் தோன்றும் இடங்களில் எரேமியாவின் கட்சியில் நிற்பது எளிதன்று. அவர் தந்த அறிவுரையோ மிகச் சாதாரணமானது: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்து வையுங்கள், அந்நகரத்தின் நலனை நாடுங்கள். காத்திருக்கும் காலத்தையும் வாழ்வுக்குரிய காலமாகவே அவர் கருதினார்.

இனி ‘விசுவாசம்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. சொல்லின் வேரைத் தோண்டி இறையியலை எடுக்கும் வித்தையை ஜேம்ஸ் பார் 1961இல் வெளியிட்ட நூலில் நன்றாகவே தகர்த்துவிட்டார். அதன் பின்னரும் நம் பிரசங்க மேடைகளில் அது ஓய்ந்தபாடில்லை. வடமொழி ‘விசுவாசம்’ அச்சமின்றி மூச்சுவிடுதல் என்னும் பொருளிலிருந்து வந்தது என்பதும், ‘நம்பு’ என்ற சொல்லுக்குத் தொல்காப்பிய உரியியல் தரும் பொருள் நசை, அதாவது விருப்பம் என்பதும் அழகான செய்திகள். அவற்றை வைத்து நான் எதையும் நிறுவப்போவதில்லை. ஒரு சொல் ஓர் இடத்தில் எப்படிப் பயன்படுகிறது என்பதே சான்று.

எபிரேயத்தில் ‘எமுனா’ என்ற சொல் பின்னாளில் விசுவாசத்தோடு தொடர்புபடுத்தப்பட்டது. ஆபகூக் 2:4இல் நீதிமான் எதனால் பிழைப்பான் என்று சொல்லுமிடத்தில் வருவது அச்சொல்லே. பவுல் அவ்வசனத்தை ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதிய நிருபங்களில் எடுத்தாளுகிறார். ‘ஆமென்’ இதன் உறவுச்சொல். வேதாகமத்தில் இச்சொல் முதன்முதலாக வரும் இடம் யாத்திராகமம் 17:12. அங்கே அதற்கும் உள்ளத்து நம்பிக்கைக்கும் தொடர்பில்லை. அது கைகளைப் பற்றியது. ரெவிதீமில் அமலேக்கியரோடு போர் நடக்கிறது. மோசே கைகளை உயர்த்தியிருக்கும்வரை இஸ்ரவேலர் மேற்கொள்கிறார்கள், கைகள் தாழ்ந்தால் பின்வாங்குகிறார்கள். மோசேயின் கைகள் அசந்துபோகின்றன. அப்போது ஆரோனும் ஊரும் ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்காரவைத்து, ஆளுக்கொரு பக்கமாக நின்று கைகளைத் தாங்குகிறார்கள். சூரியன் மறையும் மட்டும் அவர் கைகள் ‘எமுனா’வாக இருந்தன என்கிறது மூலம்: நிலையாக, தளராமல் இருந்தன.

அந்த நிலைத்தன்மை யாருடையது? மோசேயின் கைகள் நிலையாயிருந்தன என்பது உண்மை. தனியே விட்டிருந்தால் அவை நிலைத்திருக்கமாட்டா என்பதும் உண்மை. ‘உன் கைகள் ஏன் தாழ்கின்றன, உனக்கு விசுவாசம் இல்லையா’ என்று ஆரோன் கேட்கவில்லை. கல்லைப் புரட்டிக்கொண்டு வந்தார்.

‘விசுவாசமாயிருங்கள்’ என்ற நம் அறிவுரையின் மீது எனக்குள்ள உண்மையான புகார் இதுதான். அது பெரும்பாலும் சொல்பவரை விடுவிக்கிறது. மெஸ் பாக்கிக்கு நாம் கொஞ்சம் பணம் திரட்டலாம். உதவித்தொகை அலுவலகத்துக்கு நால்வராகச் சேர்ந்து போகலாம். நெறியாளரிடம் பேச அஞ்சுபவரோடு கூடப் போய் வாசலிலாவது நிற்கலாம். உறக்கமிழந்தவரை மருத்துவரிடம் அழைத்துப் போகலாம். எலியா சூரைச்செடியின் கீழ்ச் சாக விரும்பியபோது அவருக்கு முதலில் கிடைத்தவை உறக்கமும் சுட்ட அடையும் தண்ணீரும், அவையும் இருமுறை. கேள்வி பிறகுதான் வந்தது. எதையும் செய்யாமல் ஒரு வசனத்தை அனுப்பிவிட்டு நகர்கிறவர், எலிப்பாஸ் செய்த அளவுக்குக்கூடச் செய்யவில்லை. எலிப்பாஸ் ஏழு நாள் தரையில் உட்கார்ந்திருந்தார்.

இன்னொரு தீங்கும் உண்டு. நியாயமாகக் கேட்க வேண்டியதைக் கேட்காமலிருப்பதற்கும் இறைநம்பிக்கை என்று பெயர் சூட்டிவிடுகிறோம். நிலுவைத் தொகையைக் கோரி விண்ணப்பம் எழுதுவதும், தகாத நடத்தையைப் பற்றிப் புகார் அளிப்பதும் கடவுளை நம்பாதவர் செய்யும் காரியங்கள்போல் ஒரு தோற்றம் உருவாகிவிட்டது. இதற்கு மறுப்பாக நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது பண்டித ரமாபாயின் வாழ்க்கையை.

1858இல் பிறந்த அவர் 1870களின் பஞ்சத்தில் பெற்றோரையும் தமக்கையையும் இழந்தார். எஞ்சிய அண்ணனோடு நாடெங்கும் நடந்து 1878இல் கல்கத்தா சேர்ந்தார். அங்கே அவருடைய வடமொழிப் புலமை கண்டு ‘பண்டிதை’, ‘சரஸ்வதி’ என்ற பட்டங்கள் வழங்கப்பட்டன. 1880இல் அண்ணன் இறந்தார். 1882இல் கணவர் காலராவில் இறந்தார், கையில் குழந்தை. 1883இல் இங்கிலாந்தில் திருமுழுக்குப் பெற்றார். நம்முடைய சாட்சிக் கூட்டங்களில் இக்கதை இங்கே முடிந்துவிடும்: துன்பம், மனமாற்றம், நிம்மதி. ரமாபாய்க்கு அப்படி முடியவில்லை. தம்மை ஆதரித்த ஆங்கிலிக்கச் சகோதரிகளோடே கோட்பாடுகள் குறித்துக் கடிதத்துக்குக் கடிதம் வாதிட்டார். ஒரு மதத்தின் குருமார்களுக்குக் கீழ்ப்படிவதிலிருந்து விடுபட்டு இன்னொரு மதத்தின் குருமார்களுக்குக் கண்மூடிக் கீழ்ப்படிய அவர் ஆயத்தமாக இல்லை. 1897இல் புனேயில் பிளேக் நடவடிக்கைகளின்போது பெண்கள் நடத்தப்பட்ட விதத்தைக் கண்டித்துப் பத்திரிகைக்கு எழுதினார். அதே காலத்துப் பஞ்சத்தில் ஆதரவற்ற பெண்களை நூற்றுக்கணக்கில் கேட்காவுக்கு அழைத்துவந்து முக்தி இல்லத்தில் தங்கவைத்தார். பஞ்சத்தில் பசி என்னவென்று அறிந்த ஒருவர் பஞ்சத்தில் பசித்தவர்களைத் தேடிப்போனார் என்பதில் விளக்கிச் சொல்ல ஒன்றுமில்லை.

மொழியியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இதற்குப் பின்னால் வருகிறது. வழக்கிலிருந்த மராத்தி வேதாகமம் எளிய பெண்களுக்கு விளங்காத வடமொழிச் சொற்களால் நிறைந்திருப்பதாக அவர் கருதினார். ஆகவே எபிரேயமும் கிரேக்கமும் கற்று, வேதாகமம் முழுவதையும் எளிய மராத்தியில் தாமே மொழிபெயர்க்க முனைந்தார். இல்லத்துப் பெண்களே அச்சுக் கோத்தார்கள். 1921இல் ஒரே மகள் மனோரமா இறந்தார். ரமாபாய் வேலையை நிறுத்தவில்லை. 1922 ஏப்ரல் 5ஆம் நாள் அவர் மறைந்தார். மொழிபெயர்ப்பு அதற்குள் முடிந்திருந்தது.

அவர் மகளை இழந்த மாதங்களில் எந்தப் பக்கத்தைத் திருத்திக்கொண்டிருந்தாரோ தெரியாது. ஆனால் யோபையும் புலம்பலையும் 88ஆம் சங்கீதத்தையும், கேள்விகளைக் கேள்விகளாகவே, கைம்பெண்களும் அனாதைச் சிறுமிகளும் வாசித்துப் புரிந்துகொள்ளும் மொழியில் அவர் பெயர்த்து வைத்திருந்தார். அவர்கள் வாய் மூடியிருக்க வேண்டும் என்று எண்ணியவர் செய்யும் வேலையன்று அது.

எங்கள் வளாகச் செபக்குழுவில் 88ஆம் சங்கீதத்தை யாரும் உரக்க வாசித்து நான் கேட்டதில்லை. வரும் வெள்ளிக்கிழமை வேதபாடம் வாசிக்கும் முறை என்னுடையது. அன்று அதை முழுமையாக, கடைசிச் சொல்வரை வாசிக்கப் போகிறேன். முடிந்ததும் வழக்கமான ஆறுதல் பாட்டை உடனே தொடங்க வேண்டாம் என்று கிட்டார் வாசிக்கும் தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மெஸ் பாக்கிக்கான பட்டியல் அதன்பின் சுற்றுக்கு வரும்.